அரசர் பிடித்த விரல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். எல்லோரும் தம்மைக் 'குடிகளின் தந்தையே' என்று வாழ்த்த வேண்டும் என்பது அவர் ஆசை. வாழ்த்தாவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவர் ஒரு பள்ளி கட்டி, யார் வீட்டுப் பிள்ளையும் படிக்கலாம் என்று முரசறைவித்தார். யோசனை விகடகவி வேம்பனுடையது. அது அவைப்புலவர் நச்சியப்பருக்குப் பொறுக்கவில்லை.

"மன்னா, விஜயதசமியன்று தந்தை விரல் பிடித்து நெல்லில் 'அ' எழுதிய பிள்ளையை மட்டும் சேர்ப்பதே முறை" என்றார். அரசரும் தலையாட்டிவிட்டார். எழுதத் தெரிந்த தந்தையர் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பது புலவருக்கு நன்றாகத் தெரியும்.

விஜயதசமி வந்தது. அரசர் சபையிலேயே நெல் தட்டு வைக்கப்பட்டது. உப்பளத்து மாடக்கண்ணு தன் மகள் செங்கேணியை அழைத்து வந்தான். அவன் பின்னால் உப்பளத்துக் குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகளோடு நின்றன. நெல் தட்டின் முன் மகளின் விரலைப் பிடித்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு உப்பு வாரத்தான் தெரியும் சாமி, எழுதத் தெரியாதுங்க. புள்ளயாவது படிக்கட்டும்னு வந்தேன்."

"தந்தை எழுதாவிட்டால் இடமில்லை" என்றார் புலவர். செங்கேணி அழவில்லை, நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வேம்பன் தட்டைத் தூக்கி அரசர் முன் வைத்தான். செங்கேணியையும் அங்கே உட்கார வைத்தான்.

"என்ன இது, வேம்பா?"

"தந்தை எழுத வேண்டுமாமே, மன்னா. குடிகளின் தந்தை தாங்கள்தானே?"

"அவள் தந்தை அதோ இருக்கிறான்!" என்று பாய்ந்தார் புலவர்.

"அப்படியானால் தினமும் காலையில் நாம் தொண்டை கிழியக் கூவுவது பொய்யா, புலவரே? சொல்லிவிடுங்கள், நாளை முதல் நிறுத்திவிடலாம்."

புலவர் அரசர் முகத்தைப் பார்த்தார். "பொய்யில்லை, பொய்யில்லை" என்று பின்வாங்கினார். அரசர் வயிறு குலுங்கச் சிரித்தபடி கீழே அமர்ந்து செங்கேணியின் விரலைப் பிடித்தார். அடுத்து ஒரு பிள்ளை, அதற்கடுத்து ஒன்று. வரிசை முடிவதற்குள் உச்சி வெயில் இறங்கிவிட்டது.

"கை ஓய்ந்துபோயிற்று, வேம்பா. பரிசு கேள்" என்றார் அரசர்.

"அடுத்த ஆண்டும் தங்கள் கை நோகக் கூடாது, மன்னா. இந்த அப்பன்மாருக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். முறை தெரிந்தவராக இருந்தால் நல்லது."

சபை முழுவதும் நச்சியப்பரைத் திரும்பிப் பார்த்தது.

மறு விஜயதசமியில் மாடக்கண்ணு தன் இளைய மகளின் விரலைப் பிடித்து, கோணலாக ஒரு 'அ' எழுதினான். புலவர் திருத்தக் கை நீட்டினார்.

"தொடாதீர்! அது அவள் தந்தை எழுதியது" என்றார் அரசர். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அவர், சிரித்துக்கொண்டே தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வேம்பனுக்குப் போர்த்தினார்.