மாலை போட்ட மஞ்சள் விளக்கு

தீர்ப்புச் சொல்வதில் நமக்கு இருக்கும் ஆசை ஊரறிந்தது. டீக்கடையில் நின்றபடியே பெரிய பெரிய வழக்குகளை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். ஆகவே இந்த வழக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். ஆனால் அவசரப்பட வேண்டாம். அவசரத்தால் வந்த வழக்குதான் இது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அதன் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு. விளக்கு மின்னினால் வண்டிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, மின்னாவிட்டால் ஐம்பது வரை போகலாம் என்று அங்கே பலகை சொல்கிறது. சுவிட்ச் வாட்ச்மேன் மாசானமுத்துவின் அறையில் இருக்கிறது. அவர் அதைத் தட்டினால், கம்பத்தில் இருக்கும் கேமராவும் தானாக முப்பதுக்கு மாறிக்கொள்ளும். ஒரே வருஷத்தில் மூன்றாம் முறை அதில் அகப்பட்டவருக்கு மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது.

ஆயுத பூஜைக்கு மாசானமுத்து ஒரு பொருளையும் விட்டுவைக்கவில்லை. மணி, மண்வெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. வருஷம் பூராவும் உழைக்கிற விளக்கை மட்டும் மறப்பாரா? ஏணி வைத்து ஏறி, கண்ணாடி மறையச் சந்தனம் அப்பி, மேலே கனத்த செவ்வந்தி மாலையையும் சுற்றிவிட்டார். பக்தியில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. அரசு விடுமுறைதான். ஆனாலும் மழலை வகுப்பில் புதுப் பிள்ளைகளைச் சேர்த்து, அரிசியில் முதல் எழுத்து எழுதவைப்பதற்காக அந்தப் பள்ளியைத் திறந்திருந்தார்கள். தலைமையாசிரியை சொன்னபடி மாசானமுத்து காலையிலேயே சுவிட்சைத் தட்டினார். விளக்கு பூமாலைக்குள் ஒழுங்காக மின்னியது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. கேமராவுக்கு மட்டும் தெரிந்தது.

அன்று காலை இரண்டு வண்டிகள் அகப்பட்டன. ஒன்று நாமக்கல்லிலிருந்து வந்த லாரி. அதை ஓட்டியவர் பழனிவேல், வேகம் நாற்பத்தெட்டு. மற்றொன்று உள்ளூர் எண்ணெய் மில்லின் வேன். ஓட்டியவர் செந்தூர்பாண்டி, வேகம் நாற்பத்தாறு. இருவருக்குமே அது அந்த வருஷத்தின் மூன்றாம் முறை. இருவரும் அபராதத்தை ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். லைசென்ஸ் இல்லாத டிரைவரை மூன்று மாதம் யார் வைத்திருப்பார்கள்? செந்தூர்பாண்டியின் முதலாளி வேறு ஆள் பார்க்கத் தொடங்கியே விட்டார்.

நீதிபதி ஷகிலா பானு முதலில் கேமரா எடுத்த படங்களைப் பார்த்தார். இரண்டிலும் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் பூப்பந்துதான் இருந்தது.

"லீவு நாளுங்கம்மா. லைட்டும் தெரியல. தெரியலன்னா அம்பதுன்னுதானே போர்டு சொல்லுது?" என்றார் பழனிவேல்.

செந்தூர்பாண்டியும் அதையேதான் சொன்னார். "அம்பதுக்கு உள்ளதாம்மா வந்தேன். என்மேல என்ன தப்பு?"

"அப்படி என்ன அவசரம்?" என்று நீதிபதி இருவரையும் கேட்டார்.

பழனிவேலுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. செந்தூர்பாண்டி சற்றுத் தயங்கினார். "பக்கத்துல எம்மக தர்ஷிகா இருந்தா. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும்லா. அதுக்குள்ள பிள்ளை முதல் எழுத்து எழுதிரணும்னு வீட்ல ஒரே பிடிவாதம்."

போக்குவரத்து எஸ்.ஐ. தன் பங்குக்கு, விளக்கு எரிந்தது உண்மை, கேமரா பொய் சொல்லாது என்றார். அதுவும் சரிதான்.

கடைசியாக வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். மாசானமுத்துவுக்குக் கண் கலங்கியிருந்தது. "மாலை போட்டது நாந்தாம்மா. தண்டனையை எனக்குக் குடுங்க. செந்தூர்பாண்டி தங்கமான மனுசன். எத்தனை கூட்டம் அன்னைக்கு! அதுக்குள்ளயும் பிள்ளைய இடுப்புல தூக்கிட்டு வந்து, என்னைத் தேடிப் பிடிச்சு ஒரு லட்டு குடுத்துட்டுத்தான் உள்ள போனாரு."

நீதிபதி வாட்ச்மேனைக் கண்டித்து அனுப்பினார். லாரிக்காரரின் அபராதத்தை ரத்து செய்தார். செந்தூர்பாண்டியின் அபராதத்தை உறுதி செய்தார். லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போயிற்று. வெளியூர்க்காரனுக்கு ஒரு நியாயம், உள்ளூர்க்காரனுக்கு ஒரு நியாயமா என்று நீதிமன்ற வாசலில் முணுமுணுத்தார்கள். லாரி வந்த வேகமோ வேனைவிட அதிகம்.

சொல்லுங்கள். அதே விளக்கு, அதே மாலை, அதே படம். ஒருவரை விட்டு ஒருவரைப் பிடித்தது சரியா?

விடை: சரிதான். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள் என்று தெரியாதவருக்குச் சொல்லத்தான் விளக்கு. பழனிவேலுக்கு அது தெரியாது. தெரிவிக்க வேண்டிய விளக்கு மறைந்து கிடந்தது. செந்தூர்பாண்டியோ அந்தப் பள்ளிக்கே மகளைச் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தவர். தர்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு அவர் நுழைந்த வாசலில் நின்றவர்தான் மாசானமுத்து. தீர்ப்பைப் படித்தபின் நீதிபதி செந்தூர்பாண்டியிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு ராகு காலத்துக்கு முன்னாடி போய்ச் சேரணும்னு அந்த ரோட்டைக் கடந்து ஓடினதெல்லாம் உங்க பொண்ணு மாதிரி பிள்ளைங்கதான்." செந்தூர்பாண்டி மேல்முறையீடு செய்யவில்லை. மில் வேலை போய்விட்டது. மூன்று மாதமும் தர்ஷிகாவைக் கைப்பிடித்து நடத்தியே பள்ளிக்கு அழைத்துப் போனார். சாலை ஓரத்தில் நின்று பார்க்கும்போது, முப்பதில் வரும் வண்டிகூட அவருக்கு வேகமாகத்தான் தெரிந்தது.