கொக்கின் மந்திரமும் கரடி வைத்த விலையும்

ஒரு காட்டில் சாயங்காலம் ஆனால் போதும், நாவல் மரத்தடியில் கரடியும் குரங்கும் கொக்கும் முள்ளம்பன்றியும் விளையாடக் கூடிவிடும். ஓடிப் பிடிக்கிற விளையாட்டு இல்லை, பிள்ளைகளே. உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தைக் காப்பாற்றுகிற விளையாட்டு.

கரடி கதை சொல்லும். எதிரே ஒரு குகை, உள்ளே ஓர் அரக்கன் குறட்டை விடுகிறான் என்று அது ஆரம்பித்தால், மற்றவர்கள் கதைக்குள் புகுந்து தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். குரங்கு வாள்வீரன். கொக்கு மந்திரவாதி. முள்ளம்பன்றி கேடயக்காரன். செய்தது பலித்ததா என்று பார்க்க, பாதியாக உடைத்த புளியங்கொட்டைகளை உருட்டுவார்கள். வெள்ளை அதிகம் விழுந்தால் பலித்தது. கறுப்பு அதிகம் விழுந்தால் அரக்கனிடம் உதை.

முள்ளம்பன்றிக்கு இந்த விளையாட்டு என்றால் உயிர். காட்டில் வேறு எங்கே போனாலும் முள் குத்தும் என்று பயந்து, கொஞ்சம் தள்ளி நில் என்பார்கள். கதைக்குள் மட்டும்தான் எல்லோரும் ஓடிவந்து அதன் கேடயத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்கள். அதற்காகவே அது பகலெல்லாம் காத்திருக்கும்.

ஒரு நாள் கரடிக்குப் பெரிய தேனடை ஒன்று கிடைத்தது. வயிறு நிறைந்த குஷியில், கதைக்குள் கொக்குக்கு ஒரு மந்திரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பது எதுவானாலும் சாம்பல். கொட்டை உருட்டக்கூட வேண்டாம்.

அவ்வளவுதான். அரக்கன் வந்தான், சாம்பல். அரக்கனுடைய அம்மா வந்தாள், சாம்பல். வழி கேட்க வந்த ஒரு மோர்க்காரியும் சாம்பல். ஒவ்வொரு தடவையும் கொக்கு கழுத்தை நீட்டி, தன் கண்ணில் மின்னல் வெட்டியதையும் தன் வெள்ளை இறகு தகதகத்ததையும் விலாவாரியாக வர்ணித்தது. மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"நாளையிலேருந்து நான் வரல, கரடியண்ணா. என் வாள் துருப்பிடிச்சுப் போச்சு," என்றது குரங்கு.

முள்ளம்பன்றி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தது. குரங்கு போனால் ஆட்டம் போச்சு. ஆட்டம் போனால் தன் பக்கத்தில் வந்து உட்கார யார் இருக்கிறார்கள்?

கொடுத்த மந்திரத்தைக் கரடி திருப்பிக் கேட்டுப் பார்த்தது. கொடுத்ததைப் பிடுங்குவது பெரியவர்களுக்கு அழகா என்று கொக்கு கேட்டது. கரடிக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரி, மந்திரத்துக்கு ஒரு விலை வைப்போம் என்று முடிவு செய்தது.

"இனிமே அதைச் சொல்லணும்னா ஒத்தைக் கால்ல நிக்கணும்," என்றது. கரடியால் அப்படி ஒரு நொடிகூட நிற்க முடியாது. கொக்கோ ஏற்கெனவே ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தது. அரக்கனுடைய மாமா சாம்பலானார்.

அடுத்து, மந்திரம் சொல்வதற்கு முன் வெகுநேரம் ஆடாமல் அசையாமல் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்றது கரடி. கொக்கு குளத்தங்கரையில் தினமும் பார்க்கிற வேலையே அதுதான். காத்திருந்த மூவரும் தூங்கிவிட்டார்கள். எழுந்து பார்த்தால் மாமாவின் கோட்டையும் சாம்பல்.

கடைசியில் கரடி மனதைக் கல்லாக்கிக்கொண்டது. "மந்திரம் சொன்னா, அன்னிக்கு முழுக்கத் தேன் கிடையாது," என்று சொல்லி முடிப்பதற்குள் அதற்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மீன் தின்கிற கொக்கு, பரவாயில்லை, பொறுத்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையோடு தலையசைத்து, ஒரு மலையையே சாம்பலாக்கியது. அடுத்த மாதம் வரைக்கும் கரடி யோசித்து வைத்திருந்த கதையெல்லாம் அந்த மலைக்குள்தான் இருந்தது.

குரங்கு எழுந்து கிளம்பிவிட்டது. அப்போதுதான் முள்ளம்பன்றி வாயைத் திறந்தது.

"மந்திரம் கொக்கண்ணன்கிட்டயே இருக்கட்டும். ஆனா சொன்ன பிறகு என்ன நடந்துச்சுங்கறத குரங்கண்ணன் சொல்லட்டும்."

இது ஒரு விலையா என்று கொக்கு சிரித்தது. சிரித்துக்கொண்டே அடுத்த அரக்கன் மேல் மந்திரத்தைப் போட்டது. குரங்கு திரும்பி வந்து உட்கார்ந்தது.

"கொக்கு மந்திரம் சொல்லுச்சு. சொல்லும்போதே ஒரு தும்மல். அரக்கன் சாம்பலாயிட்டான். அந்தச் சாம்பல் மொத்தமும் பறந்து வந்து கொக்கு மேல அப்பிக்கிச்சு. ஊர் ஜனமெல்லாம் ஓடிவந்து பார்த்துட்டு, யாரு பெத்த காக்கா இது, கழுத்து இவ்வளவு நீளமா இருக்கேன்னு கேட்டாங்க."

கரடி தரையில் உருண்டு சிரித்தது. கொக்கு எவ்வளவோ மன்றாடியும், கதையில் நடந்தது நடந்ததுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கொக்கு குளத்துக்குப் போய், இல்லாத சாம்பலை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தது.

மறுநாள் கதையில் ஏழு தலை நாகம் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. கொக்கு அலகைத் திறந்தது. பக்கத்தில் குரங்கு தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தது. கொக்கு அலகை மூடிக்கொண்டது.

"தம்பி முள்ளம்பன்றி, கேடயத்த எடுத்துக்கிட்டு நீ முன்னால வா. நாங்க உன் பின்னால நிக்கறோம்," என்றது.

எல்லோரும் முள்ளம்பன்றியை நெருக்கி உட்கார்ந்தார்கள். நாகமே தான்தான் என்பதை மறந்து கரடியும் வந்து ஒண்டியது. முள் குத்தத்தான் செய்தது. யாரும் தள்ளிப் போகவில்லை. முள்ளம்பன்றி கொட்டைகளை உருட்டியது. அத்தனையும் கறுப்பாகவே விழுந்தன.

அன்று எல்லோரும் நாகத்திடம் செம்மையாக உதை வாங்கினார்கள். முள்ளம்பன்றி அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

நீதி: பெரிய வரத்துக்கு விலை வைக்கும்போது, அதை வாங்குகிறவனுக்கு எது வலிக்கும் என்று பார்த்து வை.