தடுத்த காயம் எங்கே போகும்?

ஈச்சந்தாவு வடக்குத் தெருவில் நாலு பேர் இருந்தார்கள். மூளைக்கு வரி என்று ஒன்று வந்தால், இந்த நாலு பேருக்கும் அரசாங்கம்தான் திருப்பித் தர வேண்டியிருக்கும். மற்றபடி தங்கமான மனுஷர்கள்.

தலைவர் ஆவுடையப்பன் எதைப் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். திறந்தால் யோசனை வெளியே போய்விடுமாம். மாசானம் ஆள் பெரிசு. சொன்ன காரியத்தை உடனே முடித்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று அப்புறம் கேட்பான். கொம்பையா தன் நிழல் பக்கத்தில் வந்தாலே வழி விடுகிறவன். சுடலைமணி இரக்கமானவன். கோழி அறுப்பதைப் பார்த்தால் அழுவான். குழம்பில் பார்த்தாலும் அழுவான், தின்றுகொண்டே.

வடக்குத் தெரு மன்றத்துக்கும் தெற்குத் தெரு மன்றத்துக்கும் ஊரில் இருந்தது ஒரே ஒரு அறை. அதில் ஒரு மின்விசிறி. விசிறி சுற்றுகிற அறையை எவனாவது விட்டுக்கொடுப்பானா? வருஷக்கணக்கில் கபடி ஆடித் தீர்ப்பு தேடியதில் இரண்டு தெருவிலும் நல்ல முழங்கால் மிச்சமில்லை. கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர், பெரிய மனுஷர்களுக்கே உரிய முறையில், பொறுப்பைத் தட்டிக்கழித்தார்.

"காயம் படாத விளையாட்டா ஒண்ணு ஆடுங்க. ஜெயிக்கிறவங்களுக்கு ரூமு."

அந்தப் பஞ்சாயத்துத் தலைவரின் மருமகன் ஜோயல் திருநெல்வேலியில் சீட்டு விளையாட்டுச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். விருந்துக்கு வந்த மனுஷனை எழுப்பி நடுவராக உட்காரவைத்தார்கள். அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். அட்டையெல்லாம் கோரைப்பல்லும் கறுப்பு அங்கியுமாக ரத்தக்காட்டேரிகள்.

"எங்க மாமனார் மாதிரியே இருக்கு. அவரு இவ்வளவு சுத்தமா பல்லு விளக்க மாட்டாரு" என்றான் மாசானம்.

ஜோயல் விளக்கினார். "தெருவுக்கு நாலு காட்டேரி. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் சிவப்பு மணி. அதுதான் ரத்தம். எதிராளி அடிச்சீட்டு போட்டா உங்க காட்டேரிக்குக் காயம். அடி விழுந்ததும் தடுப்புச் சீட்டு போட்டுத் தடுக்கலாம். தடுக்காத காயத்தை ரத்தம் செலவழிச்சு ஆத்திக்கணும். ஆத்த ரத்தம் இல்லேன்னா காட்டேரி படுத்துரும். எல்லாம் படுத்தா தோல்வி. சந்தேகம் இருந்தா போன் பண்ணுங்க."

அந்தக் கடைசி வரியை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

தெற்குத் தெருவுக்காக ஆடப்போகிறவள் தையல் கடை பேச்சித்தாய். அவள் விதியை ஒரு தரம் கேட்டுக்கொண்டு ஜாக்கெட் வெட்டப் போய்விட்டாள். நம்ம ஆட்கள் பயிற்சியில் இறங்கினார்கள்.

"அடி விழுந்ததும் தடுக்கணும்னு சொன்னாரு. விழாம எப்படித் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன், கண்ணை மூடியபடி.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் மாசானம் கொம்பையாவின் கன்னத்தில் ஒன்று விட்டான். கொம்பையா பாயோடு சுருண்டான். கையில் பிடித்திருந்த தடுப்புச் சீட்டு அசையவேயில்லை.

"ஏலே, சீட்டைப் போட வேண்டியதுதானே?"

"போடுததுக்குள்ள விழுந்துட்டேன் அண்ணாச்சி."

"அடி விழணும்னுதான் சொன்னாரு. நீ ஏம்ல விழுந்த?"

அடுத்த முறை சீட்டைக் கன்னத்திலேயே ஒட்டி வைத்து அடித்தார்கள். சீட்டு மெல்லிசு. கோரைப்பல் படம் கன்னத்தில் பதிந்ததுதான் மிச்சம்.

"சரி, தடுக்க முடியல" என்றார் ஆவுடையப்பன். "தடுக்காத காயத்துக்கு என்ன சொன்னாரு?"

"ரத்தம் செலவழிச்சு ஆத்தணும்."

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. வீங்கின கன்னத்தோடு கொம்பையாவை இழுத்துக்கொண்டு போனார்கள். மயக்கம் போட்டவனை நர்ஸம்மா எழுப்பி, ரத்தம் எடுத்து, பிஸ்கட்டும் பழரசமும் கொடுத்தாள்.

"இப்போ எப்படிலே இருக்கு? ஆறிட்டா?"

கொம்பையா பிஸ்கட்டை மென்றுகொண்டே யோசித்தான். "பசி ஆறிட்டு அண்ணாச்சி."

பாதி விதி சரியாக வேலை செய்கிறது என்று முடிவாயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. மழையைத் தடுக்கக் குடை பிடித்தால் தண்ணீர் பக்கத்தில் வடிகிறது. வாய்க்காலைத் தடுத்தால் அடுத்த வயலுக்குப் பாய்கிறது. அப்படியானால், தடுத்த காயம் எங்கே போகும்?

நாலு பேருக்கும் முகம் வெளுத்தது. ஜோயலுக்குப் போன் போட்டார்கள்.

"எங்கேயும் போகாது அண்ணாச்சி. தடுத்துட்டா அந்தக் காயம் நடக்கவே இல்ல" என்றார் ஜோயல்.

"நடக்காத காயத்துக்கு என்னத்துக்குவே சீட்டு?" என்றார் ஆவுடையப்பன்.

"சீட்டு போட்டதாலதான் நடக்கல."

"நீரு சீட்டு போட்டு நடக்கல. எங்க சித்தப்பாவுக்கு வாதம் வந்து நடக்கல. அவரு வீட்டுலதானே இருக்காரு?"

"அது வேற நடை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஜோயல் வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். "எங்கேயும் போகாதுன்னாரு. போகலேன்னா என்ன அர்த்தம்? அங்கேயே கெடக்குன்னு அர்த்தம். பாயைச் சுத்திதான் கெடக்கும். சூதானமா இருக்கணும்."

ஆகவே போட்டியன்று மத்தியானம் கொம்பையா ஹெல்மெட் போட்டுக்கொண்டு அந்த விசிறி அறைக்கு வந்தான். சுடலைமணி பாயைத் தட்டித் தட்டிப் பார்த்து உட்கார்ந்தான். பேச்சித்தாய் அதைப் பார்த்துவிட்டுச் சீட்டை அடுக்கிக்கொண்டாள். அவளுக்கு அவர்களை முன்னமே தெரியும்.

முதல் அடியை அவள்தான் போட்டாள். "மூணு காயம்."

சுடலைமணி ஒரு தடுப்புச் சீட்டை எடுத்தான். அதில் 'இரண்டு காயத்தைத் தடு' என்று போட்டிருந்தது. நாலு பேரும் தலையைச் சேர்த்தார்கள்.

"மூணுல எந்த ரெண்டைத் தடுக்க?"

"முதல் ரெண்டைத் தடுப்போம். முதல்ல வாரதுதான் வேகமா வரும்."

"கடைசிக் காயம்தான் பெருசா இருக்கும்வே. பந்தியிலே கடைசியா வாரவன் எப்படித் திங்கான்?"

"எல்லாக் காயமும் ஒண்ணுதான் அண்ணாச்சி!" என்றார் ஜோயல்.

"அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு? படிச்சவரு இப்படிப் பேசலாமா?"

நடுக்காயத்தை விட்டுவிட்டு ஓரத்துக் காயங்கள் இரண்டையும் தடுப்பதாகத் தீர்மானம் ஆயிற்று. நடுவில் இருக்கிறது தப்பித்து ஓட முடியாதாம். ஜோயல் ஒரு சிவப்பு மணியை எடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கிற அவசரத்தில் அவள் போட வேண்டிய சீட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டாள். மாசானமோ கைக்கு வந்த அடிச்சீட்டையெல்லாம் அப்படியே வீசினான். முட்டாள் கைக்குச் சீட்டு நன்றாக வரும் என்பார்கள், வந்தது. அவளுடைய முதல் காட்டேரி படுத்தது. இரண்டாவது படுத்தது. மூன்றாவதும் படுத்தது. கடைசிக் காட்டேரியிடம் ஒரு மணிகூட இல்லை. தெற்குத் தெருவுக்குச் சிரிப்பு நின்றது. வடக்குத் தெரு ஆட்கள் விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

மாசானம் சீட்டை ஓங்கி அடித்தான். "நாலு காயம்!"

அவ்வளவுதான், கதை முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

"தடுத்தாச்சு!" என்று சுடலைமணி தன்னிடமிருந்த பெரிய தடுப்புச் சீட்டைப் போட்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"அண்ணாச்சி, அது எதிராளியோட காட்டேரி!" என்று ஜோயல் எழுந்தே விட்டார்.

"சீட்டைப் படிச்சுப் பாரும்."

ஜோயல் படித்தார். 'ஒரு ரத்தக்காட்டேரிக்கு நேரும் காயத்தைத் தடு.' யாருடைய காட்டேரி என்று எழுதவில்லை. திருப்பிப் பார்த்தார். பின்னாலும் எழுதவில்லை. விதி விதிதானே? தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்ல தடுத்த?" என்று கத்தினான் மாசானம்.

"வெறும் வயித்தோட ஒத்தையா நிக்குதுவே. பாரு அது மூஞ்சிய!"

மாசானம் மறுபடி அடித்தான். சுடலைமணி மறுபடி தடுத்தான். ஆவுடையப்பன் அதைத் தப்பென்று சொல்லவில்லை. காயம் வந்தால் தடுக்கணும் என்பதுதானே பாடம்? அவரே தன் கையிலிருந்த தடுப்புச் சீட்டை எடுத்து சுடலைமணிக்குக் கொடுத்து உதவினார். இப்படியே வடக்குத் தெரு அடிக்க, வடக்குத் தெரு தடுக்க, பேச்சித்தாய் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்து முடித்தாள்.

தடுப்புச் சீட்டும் தீர்ந்தது, அடிச்சீட்டும் தீர்ந்தது. அதற்குள் அவள் கையில் நல்ல சீட்டாகச் சேர்ந்துவிட்டது. அடிக்க ஆரம்பித்தாள். வடக்குத் தெருக் காட்டேரிகள் வரிசையாகப் படுத்தன.

"தெற்குத் தெருவுக்கு ஜெயம்" என்றார் ஜோயல். எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. கொம்பையா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விசிறியை அண்ணாந்து பார்த்தான். அது யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "தோத்தாலும் முறை தவற மாட்டோம். என்ன செய்யணும், சொல்லு தாயி."

பேச்சித்தாய் ஜோயலையும் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "பெருசா ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ரூமைப் பூட்டிட்டு சாவியை எங்கிட்ட குடுத்துருங்க."

நாலு பேரும் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினார்கள். உள்தாழ்ப்பாளைப் போட்டு, அதில் பூட்டை மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆவுடையப்பன் ஜன்னல் கம்பி வழியாகச் சாவியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். அவள் அசந்துபோய் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, வெளியே வாங்க!"

"பூட்டியிருக்கே தாயி."

"அப்போ இந்தாங்க சாவி. திறங்க!"

ஆவுடையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது இப்போ உங்க சாவி. அடுத்தவுக பொருளைத் தொடுதது வடக்குத் தெருவுல வழக்கமில்ல."

தெற்குத் தெரு ஆட்கள் கதவைத் தட்டினார்கள். கத்தினார்கள். ஒருத்தன் ஆசாரியைக் கூட்டிவர ஓடினான். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நாலு பேரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுடலைமணிக்கு அழுகை வந்துவிட்டது.

"பாவம் அண்ணாச்சி" என்றான். "ஜெயிச்சும் என்ன பிரயோசனம்? அத்தனை பேரும் வெளியே மாட்டிக்கிட்டாங்களே!"