பச்சை விளக்கும் பதினோரு வீட்டுப் பத்திரமும்

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு ஊர்ல சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. பேருதான் சீனி, வாயைத் திறந்தா கேள்விதான் வரும். பால் வாங்கினா ஒரு சொட்டைத் தரையில விட்டு அது எப்படி ஓடுதுன்னு பாப்பா. கேஸ் சிலிண்டர் வந்தா தராசுல ஏத்தாம வீட்டுக்குள்ள விட மாட்டா. கோயில் பிரசாதத்தைக் குடுத்தாக்கூட, இது என்னைக்குச் செஞ்சதுன்னு கேட்டுட்டுத்தான் வாயில போடுவா. அதனால ஊரே அவளைச் சந்தேகக்காரி, சந்தேகக்காரின்னு கூப்பிட்டுது. அவ புருஷன் வெயிலுமுத்து நேர் எதிரு. யாரு என்ன சொன்னாலும் தலையை ஆட்டுற மனுஷன்.

அந்த வெயிலுமுத்துக்கு ஒரு தங்கச்சி, மாடத்தி. அடுத்த தெருவுல இருந்தா. புருஷன் தவறிட்டாரு, ஒரே மக, இட்லிமாவு ஆட்டி வித்துப் பிழைக்கிறா. அவளுக்கு இருந்த சொத்து என்னன்னு கேளுங்க. ஒரு கிரைண்டரு, ஒரு பழைய ஃபிரிட்ஜு, அந்த வீடு. அவ்வளவுதான். கோடை வந்தா அங்க அடிக்கடி கரண்டு போகும். கரண்டு போனா மாவு புளிச்சுப் பொங்கி வழியும். அந்த மாவை யாரும் வாங்க மாட்டாங்க, அவளும் அழுதுக்கிட்டே சாக்கடையில ஊத்துவா.

ம் கொட்டுறீங்களா? கொட்டுங்க, அப்பத்தான் எனக்குச் சொல்ல வரும்.

அப்படி இருக்கையில ஒருநாள் ஒரு வெள்ளை வேன் வந்துச்சு. வேன் மேல பெருசா ஒரு சூரியன் படம். அதுல இருந்து கிருபாகரன்னு ஒருத்தன் இறங்கினான். மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. இறங்கினவன் டீக்கடையில முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? மீட்டர் ரீடிங் எடுக்கிறவரு எப்ப வந்துட்டுப் போனாருன்னு கேட்டான். நேத்துத்தான் வந்தாருன்னு சொன்னாங்க. அவன் சந்தோஷமாத் தலையாட்டினான். பக்கத்துல பருப்பு வாங்கிக்கிட்டு இருந்த சீனியம்மா காதுல அது விழுந்துச்சு. மொட்டைமாடிக்குச் சோலார் போட வந்தவனுக்கு ரீடிங்காரர் எப்ப வந்தா என்னன்னு அவளுக்கு ஒரு உறுத்தல்.

அவன் ஊரைக் கூட்டினான். உங்க மாடியில சோலார் தகடு போடுறேன், ஒரு பைசா வேண்டாம், எல்லாம் அரசாங்கம் குடுக்குதுன்னான். இனிமே உங்களுக்குக் கரண்டு பில்லே வராதுன்னான். வெளியில கரண்டு போனாலும் உங்க வீட்டு ஃபேன் ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், கிரைண்டர் ஓடும்னான். ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும், வீட்டுப் பத்திரம், அதுவும் அசல் பத்திரம், நாப்பதே நாள்ல திருப்பிக் குடுத்துருவேன்னான். இன்னைக்குக் குடுக்கிறவங்களுக்குத்தான், நாளைக்கு வந்தா கிடையாதுன்னும் சொன்னான்.

முதல் ஆளாப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் குடுத்தது மாடத்தி. அவளைப் பாத்து இன்னும் பத்து வீடு குடுத்துச்சு. ரெண்டே நாள்ல பதினோரு மாடியில தகடு ஏறிருச்சு. வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டியும் வச்சான். அது பேட்டரிப் பெட்டியாம், திறந்தா ஷாக் அடிக்குமாம். அதுல குட்டியா ஒரு பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த நேரம் பாத்து ஊர்ல கரண்டும் போகல.

பன்னிரண்டாவதா வெயிலுமுத்தும் பத்திரத்தைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனாரு. சீனியம்மா பெட்டி மேலயே உக்காந்துக்கிட்டா. முதல்ல மாடத்தி வீட்டுல அது எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாறேன், அப்புறம் எந்திரிக்கிறேன்னா.

போனா. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடியில ஏறிப் பாத்தா, பக்கத்து வேப்பமரத்து நிழல் அந்தத் தகடு மேல பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. கிருபாகரனைப் பிடிச்சுக் கேட்டா, இது புதுவகைத் தகடு அக்கா, இதுக்கு வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும்னான்.

ரெண்டாவது தடவை போனா. குனிஞ்சு தகட்டுக்குப் பின்னாடி பாத்தா. பளபளன்னு ஒரு ஸ்டிக்கர். தேங்காயெண்ணெய் தொட்டு நகத்தால ஓரத்தைச் சுரண்டினா, அது தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அடியில வேற ஒரு ஸ்டிக்கர், பதினாறு வருஷத்துக்கு முந்தின தேதி. யாரோ கழட்டிப் போட்டதைக் கழுவிக் கொண்டாந்து மாட்டியிருக்கான்.

மூணாவது தடவை போனா. பேட்டரிப் பெட்டி பக்கத்துல உக்காந்தா. பெட்டி மூலையில ஒரு ஓட்டை, அதுல இருந்து எறும்பு வரிசையா வருது. ஒவ்வொரு எறும்பு வாயிலயும் ஒரு மணல். பேட்டரிக்குள்ள எதுக்குப்பா மணலு? நீங்க சொல்லுங்க பாப்போம்.

அவ மாடத்திகிட்ட மூணையும் சொன்னா. அவன் நாப்பது நாள்னு சொல்றான், அடுத்த ரீடிங் அறுபது நாள் கழிச்சு. பில்லு வரும்போது அவன் ஊர்லயே இருக்க மாட்டான், உன் பத்திரமும் இருக்காதுன்னு சொன்னா. மாடத்திக்கு அழுகையும் கோபமும் சேந்து வந்துச்சு.

"மேல பாரு மதினி, ஃபேன் ஓடுது. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நல்லது நடக்குது. அதையும் உன்னால பொறுக்க முடியலையா?"

சீனியம்மாவுக்குச் சுருக்குன்னுச்சு. ஃபேன் எந்தக் கரண்டுல ஓடுதுன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்க நினைச்சா. அது அவளுக்கே தெரியாது. அதனால வெளிய வந்து, அப்படியே பஸ் ஏறி டவுனுக்குப் போயிட்டா.

டவுன்ல மிக்கேல்னு ஒரு எலெக்ட்ரீஷியன் கடை வச்சிருந்தாரு. அவரும் சோலார் போடுறவருதான். சீனியம்மா அவரையும் நம்பல. எதையும் சொல்லாம, எங்க வீட்டுக்குச் சோலார் போடுவீங்களான்னு மட்டும் கேட்டா. அவரு போடுறேன்னு சொல்லல. உங்க வீட்டுல என்னென்ன ஓடுதுக்கான்னு கேட்டாரு. ஃபிரிட்ஜுக்கு எத்தனை வயசு, குண்டு பல்பா எல்ஈடியா, ஃபேன் பழசா, மாடியில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எங்கெங்க நிழல் விழுதுன்னு கேட்டாரு. அப்புறம் சொன்னாரு, வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜுக் கதவுல ஒரு தாளை வச்சு மூடுங்க, மூடிட்டு இழுத்துப் பாருங்க, லேசா வந்துருச்சுன்னா கதவு ரப்பர் போச்சுன்னு அர்த்தம். குளிர்ச்சி வெளிய போய்க்கிட்டே இருக்கும், கரண்டும் அது கூடவே போகும். முதல்ல ரப்பரை மாத்துங்க, பல்பை மாத்துங்க. அதுக்கப்புறம் எவ்வளவு கரண்டு வேணும்னு பாத்துட்டுத் தகடு போடலாம், சின்னதாவே போதும்னாரு.

இதைக் கேட்டதும் சீனியம்மாவுக்குச் சந்தேகம் கூடிப்போச்சு. விக்கிறவன் எவனாவது வாங்காதன்னு சொல்லுவானா? ஆனாலும் விடாம ஒவ்வொண்ணாக் கேட்டா. நிழல்ல ஓடுமான்னு கேட்டா. ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலே கரண்டு வரத்து குறைஞ்சுரும், தெக்குப் பாத்து வெட்டவெளியில வைக்கணும், மாசத்துக்கு ரெண்டு தடவை தூசி கழுவணும்னாரு. கரண்டு போனா ஓடுமான்னு கேட்டா. சாதாரணமாப் போடுறது ஓடாது, தகட்டுக் கரண்டு கம்பத்துக்குப் போய் அங்க வேலை செய்யிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அதுவே நின்னுரும், ஓடணும்னா நிஜமான பேட்டரி வேணும், அது தனிச் செலவுன்னாரு. அசல் பத்திரம் வேணுமான்னு கேட்டா. எதுக்குக்கா, நகல் போதுமேன்னாரு.

அப்பத்தான் அவ எல்லாத்தையும் சொன்னா. அதுக்கு மிக்கேல் ஒரு வழி சொன்னாரு.

"மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கக்கா. அவன் சொன்னது நிஜம்னா ஃபேன் நிக்காது."

வீட்டுக்கு வந்தா. ஃபிரிட்ஜுக் கதவுல தாளை வச்சு மூடினா. இழுக்கவே வேண்டாம், தாள் தானாக் கீழ விழுந்துச்சு. அப்பத்தான் மிக்கேலை நம்பினா.

இனிமே கேளுங்க. சீனியம்மா நேரா மாடத்தி வீட்டுக்குப் போய் மெயினை இறக்கியிருக்கலாம். இறக்கினா என்ன ஆகும்? ஊருக்கு விஷயம் தெரியும், தெரிஞ்சது அவனுக்கும் தெரியும், பத்திரத்தோட பறந்துருவான். அதனால அவ முகத்தை மாத்திக்கிட்டா. கிருபாகரன்கிட்டப் போய், நான்தான் தப்பா நினைச்சுட்டேன் தம்பின்னா. எங்க பத்திரமும் தாறேன்னா. எங்க அம்மா ஊர்ல இருபது வீடு இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, அவங்க ஆளுங்க வெள்ளிக்கிழமை மாடத்தி வீட்டுக்குச் சாப்பிட வாறாங்க, இந்த ஊர் பத்திரத்தையெல்லாம் கண்ணால பாத்தா அவங்களும் அங்கயே குடுத்துருவாங்கன்னா. இருபது வீடுன்னதும் அவனுக்கு வாயெல்லாம் பல்லு. சரிக்கான்னான்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. அக்கினி நட்சத்திரம், உச்சி வெயிலு. தோல்பையைத் தூக்கிக்கிட்டு அவன் வந்தான். நடுவீட்டுல ஃபேனுக்குக் கீழ இலையைப் போட்டு உக்காரவச்சாங்க. மாடத்திக்கு ஒண்ணும் தெரியாது, மதினி மனசு மாறிட்டாளேன்னு சந்தோஷமா ஆவி பறக்கச் சோறு போட்டா, கொதிக்கக் கொதிக்கக் குழம்பு ஊத்தினா. அம்மா ஊர் ஆளுங்க நாலு பேரு வந்து உக்காந்தாங்க, பத்து வீட்டுக்காரங்களும் வாசல்ல நின்னாங்க. அவன் பையைத் திறந்து பத்திரங்களை விரிச்சுக் காட்டினான். விரிச்சானோ இல்லையோ, சீனியம்மா புருஷனைப் பாத்துக் கண்ணைக் காட்டினா. சொன்னதைத் தட்டாத மனுஷன் இல்லையா, வெயிலுமுத்து மெயினை டக்குன்னு இறக்கினாரு.

ஃபேன் சுத்திச் சுத்தி நின்னுருச்சு.

கரண்டு போயிருச்சு போலன்னான் கிருபாகரன். போனா என்ன தம்பி, இப்பத்தான ஓடணும்னா சீனியம்மா. ஒரு நிமிஷம் ஆகும்னான். எல்லாரும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாத்தாங்க. ஃபேன் அசையல. இன்னைக்கு வெயில் கொஞ்சம் கம்மின்னான். வாசல்ல நின்னவங்களுக்குத் தலையில இருந்து வேர்வை வழியுது, எல்லாரும் அவனையே பாத்தாங்க. பேட்டரி இன்னும் நிறையலைன்னான். சொல்லிட்டு, பெட்டியைக் காட்டி, பாருங்க பச்சை விளக்கு எரியுதேன்னான்.

"விளக்கு எரியுது தம்பி. காத்து வரலையே," அப்படின்னா சீனியம்மா.

அவன் எந்திரிக்கப் பாத்தான். அப்ப மாடத்தி குழம்புச் சட்டியைக் கீழ வச்சா. யாரையும் பாக்கல. நேராப் பெட்டிகிட்டப் போனா. அதைத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும்னு அவன் கத்தினான். அவ நிக்கல. தோசைக்கரண்டியை மூடி இடுக்குல விட்டு நெம்பினா. மூடி தெறிச்சு விழுந்துச்சு. உள்ள நிறைய மணலு, ஆத்து மணலு. நடுவுல பச்சை விளக்குக்குன்னு உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி. அவ கைநிறைய மணலை அள்ளினா, திரும்பி வந்தா, அவன் இலையில கொட்டினா.

"இதைத் தின்னு," அப்படின்னா.

அவ்வளவுதான், அவன் பையைக் கட்டிக்கிட்டு எந்திரிச்சான். வாசல்ல பத்து வீடும் நிக்குது, எங்க போவான்? வெயிலுமுத்து அந்தப் பையை அவன் கையில இருந்து வாங்கி, ஒவ்வொரு பத்திரமாப் பேர் படிச்சு அவங்கவங்க கையில குடுத்தாரு. போலீசுக்குச் சொல்லியாச்சு, டவுன்ல இருந்து வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் சும்மா எதுக்கு இருக்கணும்னு, அந்த உச்சி வெயில்ல அவனையே மாடி மாடியா ஏறவிட்டு, மாட்டின தகட்டையெல்லாம் கழட்டவச்சாங்க. அவன் சட்டை மடிப்பும் போச்சு, வாய்ச் சிரிப்பும் போச்சு. தாகத்துக்குத் தண்ணி மட்டும் குடுத்தாங்க. நாலாவது வீட்டு மாடியில நிக்கும்போது போலீஸ் ஜீப்பு வந்துச்சு, ஏத்திக்கிட்டுப் போயிருச்சு.

எல்லாரும் கலைஞ்சு போனதுக்கப்புறம் மாடத்தி மதினி முன்னால வந்து நின்னா. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னா. சீனியம்மா, உன் ஃபிரிட்ஜையும் பாத்துருவோம் வான்னு உள்ள கூட்டிக்கிட்டுப் போனா. அதுலயும் ரப்பர் போயிருந்துச்சு.

அப்புறம் மிக்கேல் வந்தாரு. ரப்பரை மாத்தினாரு, பல்பை மாத்தினாரு. அடுத்த பில்லுலயே கரண்டுச் செலவு குறைஞ்சு தெரிஞ்சுச்சு. அந்த வருஷ முடிவுல மாடத்தி வீட்டு மாடியில, வேப்பமரத்தை வெட்டாம, நிழல் எட்டாத தெக்கு ஓரமா நாலு தகடு போட்டாரு. ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஆகிற மாதிரி ஒரு பேட்டரியும் வச்சு, மூடியைத் திறந்து உள்ள இருக்கிறதைக் காட்டிட்டுத்தான் மூடினாரு. முதல் தடவை கரண்டு போனப்ப மாடத்தி ஓடிப்போய் ஃபிரிட்ஜு மேல கையை வச்சுப் பாத்தா. உள்ள மோட்டார் உறுமிக்கிட்டு இருந்துச்சு. அவ மகளைக் கூப்பிட்டு, நீயும் கையை வச்சுப் பாருன்னா. ரெண்டு பேரும் கரண்டு வர்ற வரைக்கும் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தாங்க.

அதனால கண்ணுகளா, இன்னைக்கே குடு, இப்பவே குடுன்னு அவசரப்படுத்துறவன்கிட்ட எதையும் குடுக்காதீங்க. கேள்வி கேட்டாக் கோவிக்காதவன்கிட்டப் பொருள் வாங்குங்க.

ஏமாத்தினவன் கம்பிக்கு அந்தப் பக்கம், கேட்டவங்க கண்ணு தூக்கத்துப் பக்கம். கதை இறங்கிருச்சு, படுங்க.