குயில் டவருக்குச் சம்பந்தம் விசாரித்தது

டொக், டொக் என்று ஒரு மரமணிச் சத்தம் சந்தை ரோட்டில் தேய்ந்துகொண்டே போனது இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லம்மாள் தன் எருமையை விற்ற நாள் அது. வந்த பணத்தை அப்படியே குயில் செல்போன் கம்பெனிப் பங்குகளில் போட்டாள். போடச் சொன்னவர்கள் அவள் அண்ணன் செங்கோடனும் கொழுந்தன் பழனியப்பனும். ஊமத்தம்பட்டியிலேயே யோசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான் என்று சொல்வார்கள். சொன்னவர்களும் அவர்களேதான்.

பங்கு விலை இறங்கிக்கொண்டே போனது. அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. குயிலும் மின்னல் கம்பெனியும் ஒன்றாக இணையப் போகின்றனவாம். இணைந்தால் விலை இரண்டு மடங்காகும். நல்லம்மாள் எருமையை மீட்டுவிடலாம்.

டவுனில் பங்குத் தரகர் சொன்னார்: "வெறும் வதந்தியாக்கூட இருக்கும். நாலு இடத்துல நல்லா விசாரிங்க. நடக்காதுன்னு தெரிஞ்சா உடனே வித்துருங்க."

ஊமத்தம்பட்டிக்குத் தெரிந்த விசாரணை ஒன்றுதான். கல்யாணத்துக்கு விசாரிப்பது.

ஊருக்குக் கிழக்கே குயிலின் டவர், மேற்கே மின்னலின் டவர். இருவரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மின்னல் டவருக்கு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

"பையன் எப்படிங்க?" என்றார் செங்கோடன், டவரைக் காட்டி.

வீட்டுக்காரரும் அதே ஊர்க்காரர்தானே! கொஞ்சம் யோசித்துவிட்டு, "நின்ன எடத்தை விட்டு நகராதுங்க," என்றார்.

"குடி கிடி?"

"ஜெனரேட்டர் டீசல் குடிக்கும். கரண்ட் போனா மட்டும்."

"காரணத்தோடதான் குடிக்குது. பரவால்ல." செங்கோடன் அண்ணாந்து பார்த்தார். "மாப்ள, நம்ம பொண்ணு டவர் என்ன கலரு?"

"சிவப்பும் வெள்ளையும், மச்சான்."

"இது?"

"இதுவும் சிவப்பும்..." பழனியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரே கூட்டம்! பங்காளிங்க. அண்ணன் தங்கச்சி முறையாகுதுடா."

"நல்லவேளை வந்து பாத்தோம் மச்சான். தாலி வரைக்கும் போயிருக்கும்."

அன்று சாயங்காலமே நல்லம்மாளிடம் சொன்னார்கள். "வித்துரும்மா. இந்தச் சம்பந்தம் ஆகாது."

"அப்ப என் எருமை?"

"ஒரு எருமைக்காக முறை தப்பச் சொல்றியா?"

நல்லம்மாள் வெட்கப்பட்டுப்போய் எல்லாப் பங்கையும் விற்றாள். கிடைத்த பணத்துக்கு எருமை கட்டும் கயிறு வாங்கலாம்.

மறுவாரம் இரண்டு கம்பெனியும் இணைந்தன. விலை இரண்டு மடங்கு ஏறியது. டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பழனியப்பன் பெருமூச்சு விட்டார்.

"காதல் கல்யாணம், மச்சான். நாம என்ன பண்ண முடியும்?"

ஒரே கம்பெனிக்கு ஒரே ஊரில் இரண்டு டவர் எதற்கு? ஆட்கள் வந்து குயில் டவரைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நல்லம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள்.

"பொறந்த ஊரை விட்டுப் போறா. வெறுங்கையோடவா அனுப்பறது?" என்று சொல்லி, இரும்புக் கம்பிக்குக் குங்குமம் வைத்து, ஒரு டஜன் கண்ணாடி வளையலை டிரைவர் மடியில் போட்டு அழுதாள். செங்கோடன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் ஆடிக்குக் கொண்டாந்து விட்ருங்க தம்பி."

"சரிங்க," என்றான் அவன், வேறென்ன சொல்வான்?

ஆடி ஒன்றாம் தேதி, டவர் நின்ற சிமெண்டு மேடையைக் கழுவிக் கோலம் போட்டு, பாயசம் வைத்து மூவரும் காத்திருந்தார்கள். லாரி வரவில்லை.

"மாப்ள வீட்ல அனுப்பல போல," என்றாள் நல்லம்மாள்.

அவள் அப்புறம் எருமை வாங்கவில்லை. சாகும்வரை பாக்கெட் பால்தான்.