பதினேழாம் வளைவில் சாதா பெட்ரோல்

"ஏனுங் அம்மணி, பிரீமியம் பெட்ரோல் போட்டா வண்டி நல்லா இழுக்குமுங்களா?"

கேட்டவன் சென்னியப்பன். மலைப்பாதையில் இருபத்தாறு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவன். அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் கோகிலவாணியிடம் கேட்டான். அவனைவிடப் பதினைந்து வயது இளையவள்.

வாணி ஸ்பேனரோடு திரும்பிப் பார்த்தாள்.

"எந்த வண்டிக்குங்ணா?"

"என்ர வண்டிக்குத்தான்."

"உங்க வண்டிக்குச் சாதாவே போதும். சில இன்ஜினை அந்தப் பெட்ரோலுக்குன்னே கட்டியிருப்பாங்க. அதுல போட்டா வித்தியாசம் தெரியும். உங்களுதுல எதை ஊத்துனாலும் ஒண்ணுதான்."

சென்னியப்பனின் முகம் செத்துப்போனது.

"இல்லீங் அம்மணி. இழுக்குது. ஆறு மாசமா ஓட்டிப் பாக்கறேன். மைலேஜும் ஒண்ணு ரெண்டு கூடுது. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, நான் போயிடறேன்."

பெட்ரோல் விஷயத்தில் டிரைவர்களுக்கு ஆளுக்கொரு கொள்கை உண்டு. விடிகாலைக் குளிரில் போட்டால் அளவு கூட நிற்கும் என்பான் ஒருவன். டேங்கர் வந்து இறக்கும்போது போட்டால் அடிமண்டி ஏறிவிடும் என்பான் இன்னொருவன். மறுத்துச் சொன்னால் சண்டைக்கே வருவார்கள். ஆனால் கண் கலங்கி எவனும் கேட்டதில்லை.

வாணி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"வண்டிக்கு என்னங்ணா?"

"தட்டுது."

இன்ஜின் தட்டுவது புதிதல்ல. பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் எரிந்தால் உள்ளேயிருந்து சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் வரும். அதைத் தடுக்கத்தான் உயர்ரகப் பெட்ரோல் என்று எவனோ சொல்ல, சென்னியப்பன் மாறினான்.

சத்தம் நின்றது. மூன்று மாதம்.

பிறகு திரும்பி வந்தது. அதற்கும் மேலான ரகத்தை ஊற்றினான். இரண்டு மாதம் நின்றது. அடுத்த முறை இருபது நாள். இன்று காலை டேங்கை நிரப்பிக்கொண்டு பெட்ரோல் பங்க்கைவிட்டு வெளியே வருவதற்குள் தட்டியது. சவாரி வருகிறவர்களைக் கேட்டால், சத்தமா, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்கிறார்கள்.

வாணி பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டாள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். அவளிடம் பெரிய கருவியெல்லாம் கிடையாது. இப்படிக் கேட்டு அவள் சொன்னது தப்பியதில்லை என்று அடிவாரத்தில் சத்தியம் செய்வார்கள்.

நாலு இடத்தில் வைத்துக் கேட்டாள்.

"சுத்தமா இருக்குதுங்ணா."

டக். டக். டக்.

"அதா! கேக்கலீங்களா?"

"கேக்குது."

சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதத்தில் இன்னொருவர் காதுக்கு அது கேட்டது இதுதான் முதல் தடவை.

வாணி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது. பட்டறை அமைதியானது.

டக். டக். டக்.

அவள் மெதுவாகக் காரைச் சுற்றி வந்து இடப்பக்க முன்கதவின் கண்ணாடி அருகில் நின்றாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். துணியால் துடைத்தாள். போகவில்லை.

"இது எங்க ஆரம்பிச்சுதுங்ணா?"

சென்னியப்பன் தண்ணீர் கேட்டான். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"பதினேழாவது வளைவுல."

"எப்போ?"

"ஐப்பசியில. மத்தியானம். நல்ல மழை. வண்டியில ஆளில்லை, மேல சவாரி எடுக்கப் போறேன். ஒரு பொம்பளை ரோட்டோரத்துல நின்னா. கால்ல சீலைக் கிழிசலைக் கட்டியிருந்தா. வண்டிகூடவே நொண்டிக்கிட்டு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டுனா. பாம்பு கடிச்சுப்போச்சு, ஆஸ்பத்திரின்னா."

"ம்."

"மூணு தடவை தட்டுனா."

"நீங்க?"

"ஏத்தத்துல எப்படிங் அம்மணி நிறுத்தறது?"

இதைச் சொல்லும்போது அவன் குரல் உயர்ந்தது. ஏற்றத்தில் நிறுத்தக்கூடாது என்பது அந்த மலை டிரைவர்களின் வேதம். பழைய லாரிகள் பாரத்தோடு திணறி ஏறிய காலத்தில் பிறந்த பேச்சு. லாரிகள் போய்விட்டன. இன்று நாலு பேர் உட்காரும் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவனும் அதையே சொல்கிறான்.

"அந்த வளைவுல மிதிச்ச கால எடுத்தா மறுபடி ஏறாது. அன்னிக்கு இருந்தது சாதா பெட்ரோலு. நல்ல பெட்ரோலா இருந்திருந்தா நிறுத்தியிருப்பனுங்க. சத்தியமா நிறுத்தியிருப்பேன்."

"அந்தம்மா?"

"அடுத்த பஸ்ஸு வர ரெண்டு மணி நேரம் ஆயிருக்குது. கட்டைச் சுவத்து மேல உக்காந்தபடியே..."

அவன் தண்ணீரைக் கீழே வைத்தான்.

"அடுத்த நாளே நல்ல பெட்ரோலு போட்டுட்டனுங் அம்மணி. இனி ஏத்தத்துல நின்னாலும் இழுக்கும். பெட்ரோலாலதான் அன்னிக்கு நிறுத்தலைன்னு ஆகுமில்லீங்களா?"

வாணி குழாயைச் செருகி டேங்கில் இருந்த பெட்ரோலையெல்லாம் ஒரு டிரம்முக்கு மாற்றினாள். பிறகு தன் ஸ்கூட்டருக்கென்று கேனில் வாங்கி வைத்திருந்த ஐந்து லிட்டர் சாதாவைக் காலி டேங்கில் ஊற்றினாள்.

"ஏறுங்க. போய்ப் பாத்துட்டு வரலாம்."

"வேண்டாமுங்."

"தெரிஞ்சுக்கத்தானே வந்தீங்க?"

அவள் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

வழியெல்லாம் சென்னியப்பன் ஒரே ஒரு வேண்டுதல்தான் வேண்டினான். வண்டி ஏறக்கூடாது. பின்னால் உருள வேண்டும், திணற வேண்டும், இன்ஜின் புகைந்தாலும் பரவாயில்லை. சொந்த வண்டி கெட்டுப்போகட்டும் என்று சாமி கும்பிட்ட டிரைவர் அந்த மலையில் அவன் ஒருவன்தான்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வளைவுக் கற்கள் வெயிலில் வெள்ளையாக நின்றன.

பதினாறு தாண்டியதும் வெயில் போய்விட்டது. அந்த ஒரு வளைவில் மட்டும் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. ரோடு நனைந்திருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் வாணி.

ஏற்றம் மிகச் செங்குத்தாக இருந்த இடத்தில் நிறுத்தினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். 

"எடுங்க."

முதல் கியர் போட்டு மிதித்தான். வண்டி சமதரையில் போவதுபோலக் கிளம்பியது.

அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டவன் போடும் சத்தம்.

"இன்னொருக்கா," என்றான் அவனே. நிறுத்தினான். எடுத்தான். கிளம்பியது.

"இன்னொருக்கா."

மூன்றாவது முறை வண்டி குலுங்கி அணைந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா அம்மணி! ஏறலை!"

வாணி அவன் காலைப் பார்த்தாள். கிளட்சிலிருந்து ஒரேயடியாக எடுத்த இடதுகால் இன்னும் அந்தரத்தில் இருந்தது. ஆக்சிலேட்டரில் வலதுகாலே இல்லை.

அவனும் குனிந்து பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் கால் அப்படித் தப்புச் செய்ததில்லை.

 மஞ்சு வண்டியைச் சூழ்ந்து கட்டைச் சுவரையும் மறைத்துவிட்டது.

"ஏறியிருக்கும்," என்றான் சென்னியப்பன்.

"ம்."

"எதைப் போட்டிருந்தாலும் ஏறியிருக்கும்."

"ஆமாங்ணா."

"எனக்கு நிறுத்த மனசில்லை. மழையில சீட்டெல்லாம் நனைஞ்சிருமேன்னு நினைச்சேன். அவ்வளவுதானுங்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். எல்லா அழுகையும் போல அதுவும் ஒரு கட்டத்தில் ஓய்ந்தது.

டக். டக். டக்.

இம்முறை மிக அருகில். வாணியின் காதோரத்துக் கண்ணாடியில்.

வாணி பதறவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். கதவைச் சாத்திவிட்டு, கீழே போகும் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

"அம்மணி! எங்க போறீங்க? என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க!"

மஞ்சுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"எடம் விடணுமில்லீங்களா?"

காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டக்.

சென்னியப்பன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. முன்னால் தெரிந்த நாலடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டக்.

வண்டியைக் கிளப்பினான். கிளட்சை மிதித்துக் கியரில் கை வைத்தான். மிதித்தால் ஏறும். அது அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். 

மூன்றாவது தட்டு விழும் முன், எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

மழை வாசனை உள்ளே வந்தது. பக்கத்து இருக்கை மெதுவாக, ஒரு ஆள் கனத்துக்கு அமிழ்ந்தது. அதன் துணி நனைந்து கறுத்துக்கொண்டே போனது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்குத்தானே, தாயி?" என்று கேட்டுவிட்டு, அவன் முதல் கியரைப் போட்டான்.