ஒன்று குறைந்த குடும்பம்

மலையடிவார மடத்துப் பள்ளிக்கூடத்தில் ரசாயன அலமாரியை அடுக்கும் வேலை சடையப்பனுடையது. சீடர்தான், ஆனால் வயது ஐம்பத்தெட்டு. குருவான மாதங்கியம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். குருவுக்குக் கோபமே வராது. அவர் பங்கையும் சேர்த்துச் சடையப்பனே கோபப்பட்டுக்கொள்வார்.

அன்று காலை அலமாரியைத் திறந்த குரு, கரிக்கட்டைக்குப் பக்கத்தில் அயோடினைப் பார்த்தார்.

“இது ஏன் இங்கே?”

“ரெண்டும் கறுப்பும்மா.”

“புரோமின்?”

“தண்ணியா இருந்துச்சு. வினிகரோட வெச்சுட்டேன்.”

சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைக் குரு காட்டினார். குளோரின், புரோமின், அயோடின் மூன்றும் ஒரே குடும்பமாக, ஒரே வரிசையில் மேலும் கீழுமாக இருந்தன.

சடையப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னம்மா அநியாயம்! ஒண்ணு பச்சைப் புகை, ஒண்ணு சிவப்புத் தண்ணி, ஒண்ணு கறுப்புக் கல்லு. இதுங்க எப்படிம்மா ஒரு குடும்பம்?”

குரு ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். “அங்கே யாரோ தாம்பாளத்தோட அரை மணியா நிக்கிறாரே?”

சடையப்பன் சட்டென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டினார். நிற்பது தம்பி அருணகிரி. ஏழு வருஷத்துக்கு முன் மூத்த மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் போட்ட மகானுபாவன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது சின்னவளுக்குக் கல்யாணம். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் சடையப்பன். பெரியப்பா வராவிட்டால் மணையில் உட்கார்ந்து அழும் பெண் அது. பதினோரு மணி பஸ் வந்தால் தம்பி ஏறிப் போய்விடுவான்.

“யாரோ, தெரியலைம்மா” என்றார்.

குரு வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். “உங்களைப் பார்க்கத்தான் வந்தாராம். போங்களேன்.”

“அங்கேருந்து ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை வரட்டும், போறேன். அது வராம நான் நகர மாட்டேன்.”

குரு அயோடின் புட்டியை எடுத்துப் புரோமின் பக்கத்தில் வைத்தார். “இந்த மூணுக்கும் வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான் குறைச்சல். அது கிடைக்காம ஒண்ணும் அடங்காது.”

“ஒண்ணே ஒண்ணுக்கா இந்த ஆட்டம்?” சடையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். “சரியான பிடிவாதக் கூட்டம்!”

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

“அவர்... என்னம்மா சொன்னார்?”

“உள்ளே வாங்கன்னேன். ‘பெரியவர் வாயால ‘வா’ன்னு ஒரு வார்த்தை வரட்டும். அது வராம நான் படியேற மாட்டேன்’னார்.”

“கொழுப்பைப் பார்த்தீங்களா!” என்று கத்தினார் சடையப்பன். பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஜன்னல் கம்பியில் மூக்கு அழுந்த, “டேய்! வாடா உள்ளே!” என்றார்.

அதே நொடியில் வாசலிலிருந்து, “வாண்ணே!” என்று ஒரு குரல்.

சடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பிக்கும் சேர்த்து இலை போடச் சொல்றேன்” என்றார் குரு.

“அவன் என் தம்பின்னு, நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்படிம்மா? அவன் ஒல்லிக்குச்சி, நான் இப்படி. மூஞ்சியில ஒரு ஜாடை கிடையாதே!”

“மூஞ்சியை யார் பார்த்தா? ரெண்டு பேர் பதிலையும் கேட்டேன்.”